வீட்டு ஹைஃபைக்குப் பெரிய பேஸ் ட்ரைவர்: அறையை அளப்பதிலிருந்து மரம் வெட்டுவது வரை

வீட்டில் ஸ்பீக்கர் கட்டப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது ட்ரைவரைத்தான், அதாவது பெட்டியில் பூட்டும், கோனும் காந்தமும் சேர்ந்த பாகத்தை. 15 அங்குலம், பெரிய காந்தம், மேலே ஆயிரம் வாற் என்று ஓர் ஒட்டு. அதற்குப் பெட்டி எவ்வளவு வேண்டும், அந்தப் பெட்டி கூடத்துக்குள் நிற்குமா என்பதெல்லாம் பிறகுதான் வருகிறது. அந்த ஒழுங்கில் போனால் பணமும் பலகையும் வீண். சரியான ஒழுங்கு இது: அறை, தேவையான தாழ்ந்த சுரம், பெட்டியின் கொள்ளளவு, ட்ரைவரின் எண்கள், விட்டம், வாங்குவது, அளந்து பார்ப்பது, கடைசியில் மரம்.

தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை: அளவுநாடா, கல்குலேற்றர், ஏ.சி.யில் (மாறு மின்னில்) 2 வோல்ற் அல்லது மில்லிவோல்ற் அளவு உள்ள மல்டிமீற்றர், 1000 ஓம் 1 வாற் ரெசிஸ்டர் ஒன்று, 10 ஓம் 1 சதவீத ரெசிஸ்டர் ஒன்று, போனில் ஒரு ஸ்வர ஜெனரேற்றர் செயலி (கேட்ட ஹேர்ட்ஸில் ஒரே சுரத்தை எழுப்புவது), வீட்டிலுள்ள ஏதாவது ஓர் அம்ப் (அம்ப்ளிஃபயர்). மீற்றரில் கவனம் வையுங்கள். மலிவான மஞ்சள் மீற்றர்களில் ஏ.சி. 200 வோல்ற்றிலும் 750 வோல்ற்றிலும்தான் தொடங்கும். அவற்றால் இந்த வேலை நடக்காது.

1. அறையையும் கூரையையும் பாருங்கள்

நீளம், அகலம், உயரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 10 அடிக்கு 12 அடி அறையென்றால் நம் வெக்கையில் அதன் நிலையலைகள் (சுவருக்குச் சுவர் மோதி ஓரிடத்திலேயே நின்று அதிரும் ஒலி அலைகள்) சுமார் 57, 48 ஹேர்ட்ஸில் நிற்கும். அந்தச் சுரங்கள் மூலையில் வீங்கியும் அறை நடுவில் மெலிந்தும் கேட்கும். எந்த ட்ரைவரை வாங்கினாலும் இது மாறாது. ஸ்பீக்கரையும் கதிரையையும் எங்கே வைப்பது என்பதில்தான் இதற்கான மருந்து இருக்கிறது.

அடுத்து, அறை எவ்வளவு திறந்தது என்று பாருங்கள். குளிர்நாட்டுக்காரர் எழுதிய கணக்குகளில் மூடிய அறை தாழ்ந்த பேஸை ஏற்றிக் கொடுக்கும் என்று சேர்த்திருப்பார்கள். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ உள்ள வழக்கமான வீட்டில் சுவருக்கும் ஓட்டுக்கும் இடையே இடைவெளி இருக்கும், கதவும் யன்னலும் பகலெல்லாம் திறந்தே கிடக்கும். அமுக்கம் அங்கே தங்காது. ஆகவே அந்த ஏற்றத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஸ்பீக்கர் தன் பலத்திலேயே கீழே இறங்கவேண்டும். வெளிநாட்டுக் கணக்கை அப்படியே பார்த்து சின்ன மூடிய பெட்டி கட்டியவர்களுக்கு பேஸ் வரவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

தகரக் கூரையானால் ஒரு காரியம் செய்து பாருங்கள். இருக்கிற ஏதாவது ஸ்பீக்கரில் 30 முதல் 80 ஹேர்ட்ஸ் வரை ஸ்வரத்தை மெல்ல ஏற்றிக்கொண்டு போங்கள். தகரம் எங்கே கிடுகிடுக்கிறது, எந்த யன்னல் கண்ணாடி அதிர்கிறது என்று தெரிந்துவிடும். ஆணியும் ரப்பர் வாசரும் போட்டு அதை இப்போதே அடக்குங்கள். பிறகு ட்ரைவரைக் குறை சொல்லவேண்டி வராது.

2. எவ்வளவு கீழே, எவ்வளவு உரத்து

நான்கு தந்தி பேஸ் கிற்றாரின் அடித் தந்தி 41 ஹேர்ட்ஸ். ஐந்து தந்தியானால் 31. பேஸ் கிற்றாரும் மிருதங்கமும் தவிலும்தான் கேட்பதென்றால் 40 ஹேர்ட்ஸ் வரை ஒழுங்காக இறங்குவது போதும். இப்போதைய இலத்திரனியல் இசைக்கும் படம் பார்ப்பதற்கும் 30 வேண்டும். இந்த 10 ஹேர்ட்ஸ் சின்னதாகத் தெரியும், ஆனால் பெட்டியின் அளவையே மாற்றிவிடும். ஆகவே நேர்மையாகத் தீர்மானியுங்கள்.

சத்தம் கோன் தள்ளும் காற்றின் அளவில் தங்கியிருக்கிறது. மூடிய பெட்டியில், நிலத்தோடு நிற்கும் ஸ்பீக்கரில், கோன் ஒரு பக்கத்துக்கு 5 மி.மீ. அசைந்தால் 30 ஹேர்ட்ஸில் 1 மீற்றர் தூரத்தில் கிடைப்பது ஏறத்தாழ இவ்வளவு: 8 அங்குலம் 88 டெசிபெல், 12 அங்குலம் 96, 15 அங்குலம் 100, 18 அங்குலம் 103. உரத்துக் கேட்கும்போது பேஸ் அடிகளின் உச்சம் 100 ஐத் தொடும். பெரிய ட்ரைவர் ஏன் வேண்டும் என்பதற்கு விடை இந்த நான்கு எண்களில் இருக்கிறது.

அதே சத்தத்தோடு அதிர்வெண்ணைப் பாதியாக்கினால் கோன் நான்கு மடங்கு அசையவேண்டும். 60 ஹேர்ட்ஸில் 2 மி.மீ. அசைந்த கோன் 30 இல் 8 மி.மீ. கேட்கும். சின்ன ட்ரைவர் அந்த இடத்தில்தான் தோற்கிறது.

3. பெட்டிக்கு இடத்தை முதலில் ஒதுக்குங்கள்

தாழ்ந்த பேஸ், சின்னப் பெட்டி, குறைந்த வாற்றில் நிறைந்த சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் எடுக்கலாம். ஒரே வகைப் பெட்டியில், ஒரே சத்தத் திறனோடு, 60 இலிருந்து 30 ஹேர்ட்ஸுக்கு இறங்கப் பெட்டி 8 மடங்காகவேண்டும். எந்தக் கம்பனியின் ட்ரைவரும் இதை மீறாது.

ஆகவே கூடத்து மூலையில் அட்டைப்பெட்டியை அடுக்கியாவது பாருங்கள். 18 அங்குலத்துக்கு 18 அங்குலத்துக்கு 4 அடி என்பது உள்ளே சுமார் 210 லீற்றர். அப்படி இரண்டு நிற்கவேண்டும். வீட்டிலுள்ளவர்கள் அதைச் சுற்றி நாலு நாள் நடந்து பார்க்கட்டும். ‘இது வேண்டாம்’ என்றால் அப்போதே 100 லீற்றருக்கு இறங்கி, அதற்கேற்ற ட்ரைவரைத் தேடுங்கள்.

4. தரவுத்தாளில் பார்க்கவேண்டிய எண்கள்

வாற்றைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பார்க்கவேண்டியவை ஐந்து.

எஃப்.எஸ். (Fs): வெறுங்காற்றில் கோன் தானாக அதிர விரும்பும் எண். மூடிய பெட்டிக்குள் போனால் அது கூடும். துளைப்பெட்டியிலும் (காற்றுப் போய்வரக் குழாய் வைத்த பெட்டி) பொதுவாக அதற்கு வெகு கீழே போகமுடியாது. 35 ஹேர்ட்ஸ் இலக்கென்றால் எஃப்.எஸ். 35 அல்லது அதற்குக் கீழே இருக்கட்டும்.

கியூ.ரி.எஸ். (Qts): கோன் அசைந்த பிறகு எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்பதன் அளவு. பெட்டியின் வகையைத் தீர்மானிப்பது இதுதான். 0.3 முதல் 0.4 வரை துளைப்பெட்டிக்கு நல்லது. 0.4 முதல் 0.6 வரை மூடிய பெட்டிக்குப் பொருந்தும். 0.7 க்கு மேலே போனால் பெட்டியே இல்லாத திறந்த பலகை. ஏமினென்ஸ் அல்பா 15ஏ என்ற 15 அங்குல ட்ரைவரின் கியூ.ரி.எஸ். 1.26. அதை 100 லீற்றர் பெட்டிக்குள் அடைத்தால் ஒரே சுரத்தில் குமுறும், திறந்த பலகையில் நன்றாக வேலை செய்யும். ட்ரைவரில் குறை இல்லை, வீடுதான் தவறு.

வி.ஏ.எஸ். (Vas): கோனின் தொங்கலுக்கு (கோனைத் தாங்கும் ஓரமும், அடியிலுள்ள ஸ்பைடர் என்ற மடிப்புத் துணியும்) சமமான நெகிழ்வுள்ள காற்றின் அளவு, லீற்றரில். பெட்டியின் அளவு நேரே இதிலிருந்து வரும். 15 அங்குலத்தில் 100 லீற்றரும் இருக்கும், 400 லீற்றரும் இருக்கும். விட்டத்தைப் பார்த்து ஊகிக்காதீர்கள்.

எக்ஸ்மக்ஸ் (Xmax): கொயில் (கோனோடு ஒட்டிய கம்பிச் சுருள்) காந்த இடைவெளியை விட்டு வெளியேறாமல் ஒரு பக்கத்துக்கு அசையக்கூடிய தூரம். சிலர் இரண்டு பக்கத்தையும் கூட்டிப் போடுவார்கள். 20 மி.மீ. என்று கண்டால் ஒரு பக்கமா, இரு பக்கமா என்று கேளுங்கள். ஹைஃபை பேஸுக்கு 15 அங்குலத்தில் ஒரு பக்கம் 5 மி.மீ. ஆவது வேண்டும்.

ஆர்.ஈ. (Re): கொயிலின் நேர்மின் தடை. 8 ஓம் ட்ரைவரில் 5 முதல் 6.5 வரையும், 4 ஓமில் 3 முதல் 3.7 வரையும் காட்டும். 8 என்று எழுதிய ட்ரைவரில் மீற்றர் 5.4 காட்டியதும் ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. அது சரியான அளவுதான்.

வாற் என்பது கொயில் தாங்கும் சூட்டின் அளவு. கொயிலின் விட்டம் 2 அங்குலமாக இருந்து 1000 வாற் என்று எழுதியிருந்தால் நம்பவேண்டாம். அந்தத் தரத்துக்கு 4 அங்குலக் கொயில் வேண்டும். கோன் நடுவிலுள்ள மூடியின் அளவு கொயிலின் விட்டத்துக்கு ஓரளவு சாடை காட்டும்.

5. கடையில் கிடைக்கும் மூன்று வகை

மேடை ட்ரைவர். திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் சவுண்ட்ஸ்காரர் ஏற்றும் 15, 18 அங்குலம். கோன் பாரமில்லை, ஓரம் மெழுகிட்ட துணி, 1 வாற்றுக்கு 96 முதல் 99 டெசிபெல். கோயில் வெளியில் 40 ஹேர்ட்ஸுக்கு மேலே ஊரையே எழுப்பும். ஆனால் பலதின் எஃப்.எஸ். 38 முதல் 45, கியூ.ரி.எஸ். 0.3. மூடிய பெட்டியில் போட்டால் 100 ஹேர்ட்ஸ் அளவிலிருந்தே சரியத் தொடங்கும். ‘இவ்வளவு பெரிய ஸ்பீக்கரில் ஏன் பேஸ் இல்லை’ என்ற கேள்வி பெரும்பாலும் இங்கிருந்து வருகிறது. துளைப்பெட்டியில், 40 ஹேர்ட்ஸ் இலக்கில், எஃப்.எஸ். 35 க்குக் கிட்டிய ஒன்றைத் தெரிந்தெடுத்தால் வீட்டுக்கும் அருமையாக வரும். சோலரிலும் இன்வேர்ட்டரிலும் ஓடும் வீட்டுக்கு இதுவே என் முதல் தெரிவு, ஏனென்றால் வாற் குறைவாகவே தின்னும்.

கார் சப்வூஃபர். கோன் பாரம், ரப்பர் ஓரம் தடிப்பு, எக்ஸ்மக்ஸ் 12 மி.மீ. அல்லது அதற்கு மேல், சின்னப் பெட்டியே போதும். அதற்கு விலையாகப் போவது திறன் (ஒரு வாற்றுக்கு வரும் சத்தம்): 86 டெசிபெல் ட்ரைவருக்கு 95 டெசிபெல் ட்ரைவரைவிட 8 மடங்கு வாற் வேண்டும். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே தனி அம்ப்போடு சப்வூஃபராக வைக்கலாம். 300 ஹேர்ட்ஸ் வரை பாடவைத்தால் ஆண் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போலாகும். இரட்டைக் கொயில் உள்ளவற்றில் ஒன்றை மட்டும் இணைத்து மற்றதை வெறுமனே விட்டால் மின் அடக்கம் பாதியாகிவிடும், பெட்டிக் கணக்கு முழுதும் பிழைக்கும். இரண்டையும் இணையுங்கள்.

ஹைஃபை பேஸ் ட்ரைவர். எஃப்.எஸ். 20 முதல் 30, கியூ.ரி.எஸ். 0.35 முதல் 0.5, திறன் 88 முதல் 93. வீட்டுக்கு நேரே பொருந்தும், ஆனால் நம் பக்கத்தில் இலேசில் கிடைக்காது. கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடவேண்டும், அல்லது வெளிநாட்டிலிருந்து எடுக்கவேண்டும். ஏ-9 வீதி வழியே பஸ்ஸில் பார்சலாக வருவதென்றால் காந்தம் கீழே இருக்கும்படி கட்டச் சொல்லுங்கள். பெட்டியைத் தூக்கிப் போட்டால் காந்தம் அரை மில்லிமீற்றர் நகர்ந்தாலே கொயில் உரசும். அதை வீட்டில் திருத்தமுடியாது.

6. விட்டத்தை இப்போது தீர்மானியுங்கள்

விட்டம் கூடக்கூட மேலே பாடும் எல்லை குறையும், சத்தம் ஒளிக்கற்றை போல ஒடுங்கி முன்னுக்கு மட்டும் போகும். 12 அங்குலத்தை 800 ஹேர்ட்ஸ் வரையும் 15 ஐ 500, 600 வரையும் பாடவிடலாம். அதற்கு மேல் ஹோர்ன் (வாய் விரிந்த குழலோடு கூடிய உயர்சுர ட்ரைவர்) வைத்து இருவழியாகக் கட்டுபவர்கள் 15 ஐ 1000 க்குக் கிட்டக் கொண்டுபோவார்கள், ஹோர்னும் அதே அளவு ஒடுங்குவதால் அது பொருந்திப்போகும். உயர் சுரங்களுக்கான 1 அங்குல ட்வீட்டரை நேரே 15 அங்குலத்தோடு சேர்ப்பது வேலைக்காகாது. இடையில் ஒரு 6 அல்லது 8 அங்குல மிட் (நடுச் சுரங்களுக்கான ட்ரைவர்) வேண்டும். அதற்கும் பணம் ஒதுக்கிவிட்டு பேஸ் ட்ரைவரின் விலையைப் பாருங்கள்.

அறை 12 அடிக்கு 16 அடி வரை என்றால் பக்கத்துக்கு ஒரு 15, அல்லது இரண்டு 12. இரண்டு 12 இன் கோன் பரப்பு ஒரு 15 ஐவிடக் கூட, பெட்டியும் ஒடுக்கமாக வரும். ஆனால் இரண்டு ட்ரைவருக்கு இரண்டு பங்கு கொள்ளளவு வேண்டும். ஒன்றுக்குக் கணக்கிட்ட பெட்டியில் இரண்டைத் திணிப்பது அடிக்கடி காணும் பிழை. இரண்டு 8 ஓமைச் சமாந்தரமாகக் கட்டினால் 4 ஓம். அம்ப் அதைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 18 அங்குலத்தை வீட்டுக்குச் சொல்லமாட்டேன். நல்ல 18 க்கு வேண்டிய பெட்டி கூடத்தில் அலுமாரி போல நிற்கும், மேலே 300 ஹேர்ட்ஸைத் தாண்டியும் ஒழுங்காகப் பாடாது.

7. வாங்கும் இடத்தில் செய்யும் சோதனை

ஆர்.ஈ.யை அளவிடுங்கள். மீற்றர் கம்பிகளை ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழிக்கவேண்டும். சோடியாக வாங்கும் இரண்டிலும் வித்தியாசம் 0.2 ஓமுக்கு மேலிருந்தால் ஒன்று திருத்திய ட்ரைவராக இருக்கலாம்.

இரு கைகளின் விரல்களையும் கோனில் சமமாக விரித்து, ஆறுதலாக உள்ளே அழுத்தி விடுங்கள். காதை அருகில் வையுங்கள். சுர்ரென்று உரசும் ஓசை வந்தால் அந்த ட்ரைவர் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் நல்ல ட்ரைவரும் உரசும், ஆகவே சமமாக அழுத்துவது முக்கியம். பின்பக்கத் துளையில் மணந்து பாருங்கள். கருகிய வாசம் இருந்தால் கொயில் ஒருமுறை சூடேறியிருக்கிறது.

1.5 வோல்ற் பற்றரியை ஒரு கணம் தொடுங்கள். சிவப்பு முனையில் நேர் முனை பட்டால் கோன் வெளியே வரவேண்டும். உள்ளே போனால் அதைக் குறித்துவைத்து இணைக்கும்போது மாற்றுங்கள். ஒரு பக்கம் எதிர்மாறாக இருந்தால் இரண்டு ஸ்பீக்கரின் பேஸும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

காந்தத்தின் மேல் ரப்பர் உறை இருந்தால் கழற்றிப் பாருங்கள். உறை பெரிது, காந்தம் சிறிது என்பது போலிகளில் வழக்கம். முடிந்தால் தராசில் வைத்து, உற்பத்தியாளரின் தரவுத்தாளில் உள்ள நிறையோடு ஒப்பிடுங்கள். இரண்டு கிலோ குறைந்தால் அது வேறு பொருள்.

கோன் மாற்றிய ட்ரைவரை வாங்கலாம், விலையும் நயமாக வரும். ஆனால் மாற்றிய கோனும் ஸ்பைடரும் அசலாக இல்லாவிட்டால் தரவுத்தாளின் எண்கள் எதுவும் செல்லாது. அளந்துதான் அறியவேண்டும்.

8. அளந்து பாருங்கள்

அசலென்றாலும் அளவிடுங்கள். புது ட்ரைவரானால் முதலில் 20, 25 ஹேர்ட்ஸில் கோன் கண்ணுக்குத் தெரியும்படி மெதுவாகச் சில மணி நேரம் அசையவிடுங்கள். ஸ்பைடர் இளகிய பின்தான் எண் நிலைக்கும்.

ட்ரைவரை நிலைக்குத்தாக, பாரமான வாங்கில் இறுக்கிக் கட்டுங்கள். காந்தம் நிலத்தில் படும்படி வைத்தால் பின்துளை அடைபடும், பாரமான கோனும் கீழே தொய்யும். மின்விசிறியை நிறுத்துங்கள். பெரிய கோன் காற்றைப் பிடித்து மீற்றரில் எண்ணை ஆடவைக்கும். விடியற்காலை நல்ல நேரம்.

அம்ப்பிலிருந்து 1000 ஓம் ரெசிஸ்டர் வழியாக ட்ரைவருக்குக் கொடுங்கள். பேஸ், ட்ரெபிள் குமிழ்கள் நடுவில், பேஸ் பூஸ்ற் இல்லாமல். முதலில் ட்ரைவரின் இடத்தில் 10 ஓம் ரெசிஸ்டரை வைத்து, 50 ஹேர்ட்ஸில் அதன் குறுக்கே 100 மில்லிவோல்ற் வரும்வரை அம்ப்பை ஏற்றுங்கள். அப்போது அம்ப் வெளியில் 10.1 வோல்ற் நிற்கும். அந்தக் குமிழை இனித் தொடவேண்டாம். 20 ஹேர்ட்ஸிலும் 100 இலும் அதே 10.1 நிற்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

இப்போது ட்ரைவரை இணைத்து, ஸ்வரத்தை 15 ஹேர்ட்ஸிலிருந்து ஏற்றுங்கள். ட்ரைவரின் குறுக்கே வோல்ற் ஏறி, ஓரிடத்தில் உச்சமாகி, இறங்கும். உச்சம் வந்த எண்தான் எஃப்.எஸ். மின்மறுப்புக்கு (அந்தச் சுரத்தில் ட்ரைவர் காட்டும் தடை, ஓமில்) 1000 ஐ வோல்ற்றால் பெருக்கி, 10.1 இலிருந்து அந்த வோல்ற்றைக் கழித்து வருவதால் வகுக்கவேண்டும்.

ஓர் உதாரணம், 15 அங்குலம். ஆர்.ஈ. 5.4 ஓம். 32 ஹேர்ட்ஸில் உச்சம் 0.71 வோல்ற், அதாவது 75.6 ஓம். 75.6 ஐ 5.4 ஆல் வகுத்தால் 14. அதன் வர்க்கமூலம் 3.74. அதை 5.4 ஆல் பெருக்கினால் 20.2 ஓம், மீற்றரில் 0.2 வோல்ற். உச்சத்தின் இரு பக்கமும் சரியாக 0.2 வோல்ற் வரும் எண்களைப் பிடியுங்கள்: கீழே 22.7, மேலே 45.2. இந்த இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 32 வரவேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை, மறுபடி அளவிடுங்கள்.

கியூ.எம்.எஸ். (Qms, தொங்கலால் மட்டும் வரும் அடக்கத்தின் அளவு) = எஃப்.எஸ். × 3.74 ÷ இரண்டு எண்களின் வித்தியாசம். 32 × 3.74 ÷ 22.5 = 5.32. இதை 13 ஆல், அதாவது 14 இல் ஒன்று குறைத்து, வகுத்தால் கியூ.ஈ.எஸ். (Qes, மின் அடக்கத்தின் அளவு) 0.41. 14 ஆல் வகுத்தால் கியூ.ரி.எஸ். 0.38.

வி.ஏ.எஸ்.ஸுக்குக் கோனில் பாரம் ஒட்டவேண்டும். களிமண் உருண்டையை நகைக்கடைத் தராசில் சரியாக 50 கிராம் நிறுத்து, மூடியைச் சுற்றிச் சமமாக ஒட்டுங்கள். எஃப்.எஸ். இறங்கும், நம் உதாரணத்தில் 26.2 க்கு. 32 ஐ 26.2 ஆல் வகுத்து வர்க்கித்தால் 1.49. ஒன்றைக் கழித்து, 50 ஐ அதால் வகுத்தால் அசையும் நிறை 102 கிராம். கோனின் விட்டத்தை ஓரத்தின் நடுவிலிருந்து எதிர் ஓரத்தின் நடுவரை அளவிடுங்கள்: 33 செ.மீ., பரப்பு 855 சதுர செ.மீ.

வி.ஏ.எஸ். = 35.9 × பரப்பு × பரப்பு ÷ (எஃப்.எஸ். × எஃப்.எஸ். × அசையும் நிறை). இங்கே சுமார் 250 லீற்றர்.

சோடியில் எஃப்.எஸ். 10 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் போதும். ஸ்பைடரின் இறுக்கத்தால் வரும் வித்தியாசம் பெட்டிக்குள் போனதும் பெருமளவு மறைந்துவிடும்.

9. எண்ணிலிருந்து பெட்டிக்கு

அதே ட்ரைவரை மூடிய பெட்டியில் வைத்தால்: பெட்டிக்குள் போனபின் விரும்பும் கியூ 0.707. அதை 0.38 ஆல் வகுத்து வர்க்கித்து ஒன்றைக் கழித்தால் 2.46. 250 ÷ 2.46 = 102 லீற்றர். பேஸ் 3 டெசிபெல் சரியும் இடம் சுமார் 60 ஹேர்ட்ஸ்.

துளைப்பெட்டியில்: கொள்ளளவு = 15 × வி.ஏ.எஸ். × கியூ.ரி.எஸ். இன் 2.87 ஆம் அடுக்கு. 233 லீற்றர். துளையின் சுருதி (குழாயிலுள்ள காற்று தானாக அதிரும் எண்) 32 ஹேர்ட்ஸ், சரியும் இடமும் 32.

ஒரே ட்ரைவர். 102 லீற்றரில் 60 ஹேர்ட்ஸ், 233 லீற்றரில் 32. மூன்றாம் படியில் பெட்டிக்கு இடம் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். 102 லீற்றருக்குத்தான் இடமென்றால் இந்த ட்ரைவரை வாங்காமல், வி.ஏ.எஸ். குறைந்த, எஃப்.எஸ். தாழ்ந்த ஒன்றைத் தேடியிருக்கவேண்டும்.

துளைக்கு 4 அங்குல பீ.வீ.சி. குழாய் போதும், ஆனால் இரண்டு போடுங்கள். ஒன்றென்றால் உரத்த இடத்தில் காற்று வேகமாகிச் சீறும். உள்விட்டம் 10.4 செ.மீ. ஆன இரண்டு குழாய்க்கு நீளம் தலா 14 செ.மீ. அளவில் வரும். 3 செ.மீ. கூட்டி வெட்டி, பெட்டி மூடியபின் மின்மறுப்பை அளந்து சுருதி சேருங்கள். இரு உச்சங்களுக்கு இடையிலுள்ள பள்ளம்தான் துளையின் சுருதி. நீளத்தை வெட்டிக் குறைக்கலாம், கூட்டமுடியாது.

233 என்பது வெறும் காற்று. ட்ரைவர், குழாய், உள்கட்டைகள் எடுக்கும் இடத்துக்கு இன்னும் 10, 12 லீற்றர் சேருங்கள்.

10. வெயில், மாரி, குளவி

முதிரையும் பாலையும் நம் காட்டு மரங்கள், அழகும் வலுவும் உண்டு. ஆனால் அகலமான முழுப்பலகை மாரியில் ஊதிச் சோளகத்தில் (வறண்ட தென்மேற்குக் காற்றில்) சுருங்கும், மூட்டு விடும், பெட்டி காற்று விடும். முகப்புக்கு மெல்லிய சட்டமாக வையுங்கள், பெட்டியை 18 மி.மீ. பிளைவூட்டில் கட்டுங்கள். எம்.டி.எஃப். இலகுவாக வெட்டுப்படும், ஆனால் ஒருமுறை நீர் பட்டால் விளிம்பு அப்பம் போல ஊதிவிடும். வெள்ளம் வரும் வளவில் அதை வைக்கவே வேண்டாம். 4 அடி உயரப் பெட்டிக்கு, மேல் கீழ் மூடியும் சேர்த்து, ஒரு 8 × 4 தாள் ஏறக்குறைய முழுதும் போகும். கறையானுக்காகக் கீழே ரப்பர் கால் கொடுத்து நிலத்திலிருந்து தூக்குங்கள்.

ட்ரைவரின் ஓரம் ஃபோமாக இருந்தால் நம் வெக்கையில் சில வருடங்களில் பிசினாகி உதிரும். பழைய ட்ரைவர் வாங்கும்போது ஓரத்தை நகத்தால் மெல்ல அழுத்துங்கள், குழி மீளாவிட்டால் அது முடிந்தது. ரப்பரோ மெழுகிட்ட துணியோ நிற்கும். முல்லைத்தீவுக் கரையோரமென்றால் உப்புக்காற்று காந்த இடைவெளியில் துருவாகும், பின்துளைக்கு வலை உள்ள ட்ரைவரை எடுங்கள்.

துளைக்குழாயில் குளவி மண் வீடு கட்டும். குழாய் ஒடுங்கச் சுருதி இறங்கும், மண்ணும் உள்ளே கொட்டும். பல்லியும் போகும். குழாயின் வெளிப்பக்க வாயில் பெரிய கண் உள்ள பிளாஸ்ரிக் வலையைக் கட்டுங்கள். நுளம்புவலை வேண்டாம், கண் சின்னதால் காற்றை இழுத்துப் பிடிக்கும்.

ட்ரைவரைத் திருகாணியால் பூட்டாமல் 6 மி.மீ. போல்ற்றும் உள்ளே பதித்த நட்டுமாகப் பூட்டுங்கள். எத்தனையோ முறை கழற்றவேண்டி வரும், பிளைவூட்டில் திருகாணித் துளை மூன்றாம் தடவையே இளகிவிடும். வட்டத் துளையை 15 அங்குலமென்று வெட்டாதீர்கள். கூட்டை (ட்ரைவரின் உலோகச் சட்டத்தை) தலைகீழாக வைத்து நேரே அளந்து வெட்டுங்கள், பெரும்பாலும் 35 செ.மீ. அளவில் வரும்.

11. கொயில் வலை, அம்ப், முதல் ஓட்டம்

மேல் சுரங்கள் பேஸ் ட்ரைவருக்குப் போகாமல் பிரிக்க, அம்ப்புக்கும் ட்ரைவருக்கும் இடையில் தனிக் கொயிலும் கப்பாசிற்றரும் கொண்ட வலை வேண்டும். 300 ஹேர்ட்ஸில் 8 ஓமுக்கு இரண்டாம் படிப் பிரிப்பு என்றால் 6 மில்லிஹென்றி கொயிலும் 47 மைக்ரோஃபரட் கப்பாசிற்றரும் வேண்டும். அவ்வளவு பெரிய கொயிலை மெல்லிய கம்பியில் சுற்றினால் தடை கூடும். 0.5 ஓம் சேர்ந்தாலே நம் உதாரணத்தின் கியூ.ரி.எஸ். 0.38 இலிருந்து 0.41 ஆகும். 1 ஓமுக்கு மேல் போனால் பெட்டிக் கணக்கையே திருப்பிச் செய்யவேண்டும். அம்ப் இரண்டு கைவசம் இருந்தால் அம்ப்புக்கு முன்னாலேயே பிரிக்கும் இலத்திரனியல் பிரிப்பானைப் போடுங்கள். பேஸுக்குத் தனி அம்ப். பெரிய கொயிலின் விலையும் அப்போது மிச்சம்.

துளைப்பெட்டியில் துளையின் சுருதிக்குக் கீழே கோனைப் பிடிக்க உள்ளே காற்று இல்லை. 20 ஹேர்ட்ஸில் ஒரு சின்ன அதிர்ச்சி வந்தாலே கோன் எக்ஸ்மக்ஸைத் தாண்டி அடிக்கும். 25 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடியை முதல் நாளே போடுங்கள். முதல் ஓட்டத்தில் ஒலியைத் தாழ்வில் வைத்து, 100 இலிருந்து 30 ஹேர்ட்ஸ் வரை ஸ்வரத்தை இறக்கிக்கொண்டு, ஈரக் கையை மூட்டுகளின் மேல் நடத்துங்கள். காற்று விடும் இடம் கையில் குளிராகத் தெரியும். அங்கே சிலிக்கன் பூசி, ஒரு நாள் உலரவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.